பட்டியலின் கடைசிப் பெயர்

என் அப்பா உபதேசியாராக இருந்தவர். இரவுச் சாப்பாட்டுக்கு முன் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும். ஆதியாகமத்தில் தொடங்கி நாளுக்கோர் அதிகாரமாக வேதாகமம் முழுவதையும் வாசித்து முடித்து, மறுபடியும் ஆதியாகமத்துக்கே திரும்புவது அவர் வைத்திருந்த ஒழுங்கு. பெயர்வரிசைகள் வரும் அதிகாரங்களை எத்தனையோ வீடுகளில் தாண்டிவிடுவார்கள். அப்பா ஒரு பெயரைக்கூடத் தாண்டமாட்டார். இரண்டாம் சாமுவேல் 23ஆம் அதிகாரம் வருகிற இரவில், தாவீது ராஜாவின் பராக்கிரமசாலிகளை ஒவ்வொருவராக, ஊர்ப்பெயரும் தகப்பன் பெயரும் விடாமல், நாக்கு இடறினால் நின்று திருத்திக்கொண்டு வாசிப்பார். பசியோடு உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அந்த வரிசை முடியவே முடியாதது போலத் தோன்றும். கடைசிப் பெயருக்கு முன்னால் மட்டும் அவர் ஒரு கணம் நிறுத்துவார். பிறகு குரலைத் தணித்து அதைச் சொல்வார்: ஏத்தியனாகிய உரியா, ஆக முப்பத்தேழு பேர்.

அந்த நிறுத்தத்துக்குக் காரணம் என்ன என்று நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்கும் வயதும் அறிவும் எனக்கு வந்தபோது அவர் இல்லை. ஆனால் கடந்த சில ஆண்டுகளாகத் தாவீதின் வரலாற்றை, அவனைச் சுற்றி நின்றவர்களின் பக்கமிருந்து திரும்பத் திரும்ப வாசித்து வருகிறேன். அப்படி வாசிக்கும்தோறும் அந்த ஒரு கண நிறுத்தத்துக்குள் இருந்தது எனக்கு மெல்ல மெல்லப் புலப்பட்டு வருகிறது.

தலைவனையும் அவனைத் தாங்குகிறவர்களையும் பற்றி நம் சபைகளில் பிரசங்கம் செய்ய நேர்ந்தால், யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தைத்தான் பெரும்பாலும் எடுப்போம். அமலேக்கியரோடு யுத்தம் நடக்கையில் மோசேயின் கைகள் அசந்துபோகின்றன. ஆரோனும் ஊர் என்பவனும் ஆளுக்கொரு பக்கம் நின்று அவற்றைத் தாங்குகிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை அவை உறுதியாக நிற்கின்றன. தேவன் ஒருவரைத் தெரிந்துகொள்கிறார், மற்றவர்கள் அவர் கையைத் தாங்கவேண்டும் என்று அதிலிருந்து சொல்வோம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது பொய்யல்ல. ஆனால் தாங்கப்படுகிற கை தவறான திசையில் நீளுமானால் தாங்குகிறவன் என்ன செய்யவேண்டும் என்ற கேள்விக்கு அந்த அதிகாரத்தில் பதில் இல்லை. அந்தக் கேள்வியை முழுவதுமாக எடுத்துக்கொள்வது தாவீதின் வரலாறுதான். உண்மையுள்ள ஆதரவாளர்களை இவ்வளவு பேர்பேராக, இவ்வளவு விதவிதமாகக் காட்டும் வரலாறு வேதாகமத்தில் வேறொன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அது அதுல்லாம் குகையில் தொடங்குகிறது. தன்னைக் கொல்லத் தேடிய ராஜாவாகிய சவுலுக்குத் தப்பி ஓடிய தாவீது காத் ஊரிலே பைத்தியக்காரனைப்போல் நடித்து உயிர்பிழைத்து, அங்கிருந்து வந்து ஒளிந்துகொண்ட குகை அது. அவனிடம் வந்து சேர்ந்தவர்களை வேதாகமம் மூன்று சொற்களில் வகைப்படுத்துகிறது: ஒடுக்கப்பட்டவர்கள், கடன்பட்டவர்கள், முறுமுறுக்கிறவர்கள். ஏறக்குறைய நானூறு பேர். கொஞ்ச காலத்துக்குள் அவர்கள் அறுநூறு பேராகிறார்கள். தீர்க்கதரிசியாகிய சாமுவேல் தைலக்கொம்பை எடுத்துத் தாவீதை அடுத்த ராஜாவாக அபிஷேகம் பண்ணியபோது அந்த வீட்டில் இருந்தவர்கள் தகப்பனும் அண்ணன்மாரும்தான். அந்த அபிஷேகத்தை நம்பி இந்த நானூறு பேரும் வந்தார்கள் என்று வேதாகமம் சொல்லவில்லை. கடன்காரனுக்குப் பயந்தவன் கடனிலிருந்து தப்ப வந்தான்; ஒடுக்கப்பட்டவன் மூச்சுவிட இடம் தேடி வந்தான். தேவனுடைய நோக்கத்தை அறிந்து தோள் கொடுக்க வந்தவர்களாக அவர்களை உயர்த்திக் காட்ட நமக்கு ஆசையாக இருக்கும். வேதாகமம் அப்படி உயர்த்தவில்லை. அது எனக்கு மிகவும் ஆறுதலான காரியம். தன் கஷ்டத்தை மட்டும் சுமந்துகொண்டு வருகிறவனையும் தேவன் தம் நோக்கத்துக்குள் சேர்த்துக்கொள்கிறார் என்பதற்கு அந்தக் குகையைவிட நல்ல சாட்சி இல்லை.

அதே அதுல்லாமில்தான் அந்தக் கிணற்றுக் கதை நடக்கிறது. அறுப்புக் காலம், அந்த நாட்டில் மழை நின்றுபோயிருக்கும் நாட்கள். இஸ்ரவேலின் பகைவராகிய பெலிஸ்தரின் பாளயம் ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் இறங்கியிருக்கிறது. அவர்களுடைய தாணையம், அதாவது காவல்படை, தாவீதின் சொந்த ஊராகிய பெத்லெகேமுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. குகையிலிருந்து அவன் ஓர் ஆசையை வாய்விட்டுச் சொல்கிறான்: பெத்லெகேமின் ஒலிமுகவாசலில் இருக்கிற கிணற்றுத் தண்ணீரை எனக்குக் குடிக்கக் கொண்டுவருகிறவன் யார்? சிறுவயதில் ஆடு மேய்த்துவிட்டு வந்து குடித்த தண்ணீர் அது. உண்மையான தாகத்தோடு ஊர் நினைப்பும் அந்தப் பெருமூச்சில் கலந்திருந்திருக்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது கட்டளையன்று. ஆனால் மூன்று பேர் அதைக் கட்டளையைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். நேர்கோட்டில் அளந்தாலே அதுல்லாமுக்கும் பெத்லெகேமுக்கும் இடையே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அதுவும் மலைநாட்டின் முகட்டை நோக்கி ஏறிப்போகும் வழி. அவர்கள் பாளயத்துக்குள்ளே துணிந்து புகுந்து, வாசலண்டை இருந்த கிணற்றில் மொண்டு, வந்த வழியே சுமந்துகொண்டு திரும்பினார்கள். முப்பது தலைவரில் மூன்று பேர் என்று சொல்லுகிற அதிகாரம், அந்த இடத்தில் அவர்கள் பெயரைச் சொல்வதில்லை.

தாவீது அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. கர்த்தருக்கென்று தரையிலே ஊற்றிவிட்டான். சிறுவயதில் இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்தவர்களின் கண்முன்னே ஊற்றிவிடுவதா? ஆனால் அவன் சொன்ன காரணத்தைக் கவனிக்கவேண்டும். தங்கள் பிராணனை எண்ணாமல் போய்வந்த மனுஷரின் இரத்தம் அல்லவா இது, இதை நான் குடிப்பேனோ என்கிறான். உபாகமம் 12ஆம் அதிகாரத்தில் இறைச்சி உண்பதைப் பற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது: இரத்தத்தைச் சாப்பிடவேண்டாம், அதைத் தண்ணீரைப்போல் தரையிலே ஊற்றிவிடவேண்டும். இரத்தத்தைத் தண்ணீரைப்போல் ஊற்றச் சொன்ன சட்டத்தை அறிந்தவன், தண்ணீரை இரத்தம் என்று கண்டு ஊற்றினான். அந்த மூன்று பேரும் தன்னிடம் கொண்டுவந்ததைப் பெற்றுக்கொள்ளத் தகுதியுள்ளவர் கர்த்தர் ஒருவரே என்று அவன் அவர்கள் முன்பாகவே அறிக்கையிட்டான். மற்றவர்களின் உயிர்த்தியாகத்தை உண்டு வாழ்வதற்காகத் தேவன் தன்னை அழைக்கவில்லை என்று அந்தக் குகையில் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு தலைவனின் அழைப்பு உண்மையானதா என்று பார்க்க, அவன் ஏறிநிற்கும் மேடையைவிட, அவனுக்காகப் பிறர் சுமந்துவந்த தண்ணீரை அவன் என்ன செய்கிறான் என்பதை நான் பார்க்கிறேன். இந்த இடத்தை வாசித்த பிறகு எனக்கு ஏற்பட்ட பழக்கம் அது.

யோனத்தானைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவன் தாவீதைத் தேடிவந்த நேரத்தைச் சொல்லவேண்டும். தாவீது கேகிலா ஊரைப் பெலிஸ்தர் கையிலிருந்து அப்போதுதான் மீட்டிருந்தான். அந்த ஊராரே தன்னைச் சவுலின் கையில் ஒப்புக்கொடுப்பார்கள் என்று கர்த்தர் அவனுக்குச் சொன்னார். அங்கிருந்து ஓடிச் சீப் வனாந்தரத்துக் காட்டில் ஒளிந்திருந்தபோது, அந்தச் சீப் ஊராரும் சவுலிடம் போய்க் காட்டிக்கொடுத்தார்கள். இந்த இரண்டு துரோகங்களுக்கும் நடுவிலே ஒரே ஒரு சந்திப்பு நடக்கிறது. சவுலின் குமாரனாகிய யோனத்தான் எழுந்து காட்டுக்குப் போய், தேவனுக்குள் அவன் கையைத் திடப்படுத்தினான் என்று வேதாகமம் சொல்லுகிறது. அவனைத் திடப்படுத்தினான் என்று மட்டும் சொல்லியிருந்தாலே போதும். ஆனால் தேவனுக்குள் என்ற சொல் அங்கே வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. யோனத்தான் ஆயுதம் கொண்டுவரவில்லை, ஆள் சேர்த்துக் கொடுக்கவில்லை, தாவீதின் வீரத்தைப் புகழவுமில்லை. தன்னைப் பிடித்துக்கொள்ளும்படி நீட்டவும் இல்லை. தாவீதின் கையை எடுத்துத் தேவனுடைய கைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப்போனான். அந்தச் சந்திப்புக்குப் பிறகு இருவரும் நேரில் கண்டதாக வேதாகமத்தில் ஒரு குறிப்பும் இல்லை.

இதன் பலன் சில அதிகாரங்கள் தள்ளி வருகிறது. தாவீதும் அவன் மனுஷரும் குடியிருந்த சிக்லாகு ஊர் எரிந்து கிடக்கிறது. பெண்களும் பிள்ளைகளும் சிறைபிடிக்கப்பட்டுப் போய்விட்டார்கள். அதுல்லாம் காலத்திலிருந்து கூடவே நடந்தவர்கள் தாவீதைக் கல்லெறியவேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்போது தாவீது தன் தேவனாகிய கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டான். காட்டில் யோனத்தான் செய்ததற்கும் இங்கே தாவீது செய்ததற்கும் எபிரெயத்தில் வேர்ச்சொல் ஒன்றே. நம் தமிழ் வேதாகமமும் இரண்டு இடத்திலும் திடப்படுத்துதல் என்றே சொல்கிறது. ஏறக்குறைய அந்த நாட்களிலேயே கில்போவா மலையில் யோனத்தான் விழப்போகிறான். நண்பன் செய்துகாட்டியதை, நண்பன் இல்லாத இடத்தில் இவன் தானே செய்துகொள்ளக் கற்றிருந்தான். தன்னையே சார்ந்து நிற்கும்படி தலைவனை வைத்துக்கொள்ளாமல், தான் இல்லாவிட்டாலும் நிற்கும்படி செய்துவிட்டுப் போவதே யோனத்தானின் உண்மை. நீ ராஜாவாக இருப்பாய், நான் உனக்கு இரண்டாவதாக இருப்பேன் என்று அவன் காட்டிலே சொன்ன வார்த்தையின் பாதிதான் நிறைவேறியது. மறுபாதியை வாசிக்கும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

எல்லா ஆதரவும் இப்படிப்பட்டதல்ல. எங்கேதியின் குகைக்குள் சவுல் தனியாக நுழைந்தபோது, உள்ளே மறைந்திருந்த தாவீதின் மனுஷர் அவனிடம் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள்: உம்முடைய சத்துருவை உம்முடைய கையில் ஒப்புக்கொடுப்பேன் என்று கர்த்தர் உமக்குச் சொன்ன நாள் இதுதான். கொலைக்குத் தூண்டுகிறார்கள், ஆனால் தேவனுடைய பெயரால் தூண்டுகிறார்கள். அவர்கள் அன்பிலும் குறையில்லை, தாவீது ராஜாவாவான் என்ற நம்பிக்கையிலும் குறையில்லை. தேவநோக்கம் நிறைவேறவேண்டும் என்ற வாஞ்சை, அதை இன்றைக்கே தங்கள் கைக்கு வந்த கத்தியால் நிறைவேற்றிவிடவேண்டும் என்ற அவசரமாக மாறிவிட்டது. தாவீது சவுலின் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்தான். அதற்கே அவன் இருதயம் அடித்துக்கொண்டது. பின்னொரு நாள் தூங்கிக்கிடந்த சவுலை ஒரே குத்தில் நிலத்தோடு சேர்த்துவிடுகிறேன் என்று தாவீதின் வீரனாகிய அபிசாய் கேட்டதும் இதே ரகம். சரியான நேரத்தில் கையைத் தடுத்தவள், வாளைத் தொடாத ஒரு பெண். தன்னை அவமதித்த நாபாலின் வீட்டாரை அழிக்க நானூறு பேரோடு புறப்பட்டு வந்த தாவீதை, அப்பமும் திராட்சரசமும் ஏற்றிய கழுதைகளோடு எதிர்கொண்டு, வீணாய் இரத்தம் சிந்தின துக்கம் நாளைக்கு ராஜாவானபோது உமக்கு வேண்டாம் என்றாள் நாபாலின் மனைவி அபிகாயில். தேவன் அவனுக்கு வைத்திருந்ததை அவன் கூட்டாளிகளைவிட அவள் தெளிவாகக் கண்டிருந்தாள். அதனாலேயே அவனைத் தடுத்தாள்.

இனி உரியாவிடம் வருகிறேன். அவன் ஏத்தியன், அந்நிய வம்சத்தான். ஆனால் அவன் பெயரின் பொருள் கர்த்தர் என் ஒளி என்பது. யோவாபின் தலைமையில் இஸ்ரவேலின் சேனை ரப்பாவை முற்றுகையிட்டிருந்தது. இன்றைய ஜோர்தான் நாட்டின் தலைநகரான அம்மான் நகரமே அந்த ரப்பா. தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டான். உரியாவின் மனைவி பத்சேபாளை அவன் அழைப்பித்து அவளோடு சயனித்து, அவள் கர்ப்பவதியானதும், அதை மூடுவதற்காக உரியாவை யுத்தகளத்திலிருந்து வரவழைத்து வீட்டுக்குப் போகச் சொல்கிறான். உரியா போகவில்லை, அரமனை வாசலில் ஊழியக்காரரோடு படுத்துக்கொண்டான். ஏன் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் அந்த அதிகாரத்தின் நெஞ்சு: தேவனுடைய பெட்டியும் இஸ்ரவேலும் யூதாவும் கூடாரங்களில் தங்கியிருக்க, என் ஆண்டவனாகிய யோவாபும் சேவகரும் வெளியிலே பாளயமிறங்கியிருக்க, நான் என் வீட்டுக்குப் போய்ப் புசித்துக் குடித்து என் மனைவியோடே சயனிப்பேனா?

இந்தப் பதிலைக் கேட்டபோது தாவீதுக்கு அதுல்லாம் நினைவுக்கு வந்திருக்கவேண்டும் என்று நான் நினைத்ததுண்டு. மற்றவர்கள் வெளியிலே கிடக்கையில் எனக்கு மட்டும் இந்தச் சுகம் தகாது என்று ஒதுக்குகிற மனம், தண்ணீரைத் தரையில் ஊற்றிய அந்தப் பழைய தாவீதின் மனம் அல்லவா? பழைய தாவீது தன் வாசலில் ஒரு படைவீரனாக வந்து படுத்திருந்தான். மாடியிலிருந்த ராஜா அவனை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் அவனுக்குக் குடிக்கக் கொடுத்து வெறிக்கப்பண்ணியும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் தாவீது யோவாபுக்கு ஒரு நிருபம் எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினான். மும்முரமாய் நடக்கிற போர்முகத்திலே உரியாவை நிறுத்தி, அவன் வெட்டுண்டு சாகும்படி அவனைவிட்டுப் பின்வாங்குங்கள் என்பதே அதன் வாசகம். உரியா யோர்தான் பள்ளத்தாக்கில் இறங்கி, அதைக் கடந்து, மறுபக்கத்து மலை ஏறி, தன் மரணத்தைத் தன் மடியிலே சுமந்துபோனான். அவன் அதைப் பிரித்துப் பார்த்ததாக ஒரு குறிப்பும் இல்லை. பார்க்கமாட்டான் என்று தாவீதுக்குத் தெரிந்திருந்தது. அவனுடைய உண்மையை நம்பித்தான் அந்தக் கொலையே திட்டமிடப்பட்டது.

தேவனுடைய நோக்கம் தாவீதின்மேல் இருந்தது என்பதில் அன்றைக்கும் மாற்றமில்லை. அவன் ராஜ்யபாரம் உறுதிப்படும் என்ற வாக்கு அதற்கு முன்பே தீர்க்கதரிசியாகிய நாத்தான் வாயாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. அந்த வாக்கைத் தந்த அதே நாத்தானைத்தான், தாவீதின் குற்றத்தைச் சுட்டி, நீயே அந்த மனுஷன் என்று சொல்லும்படி கர்த்தர் அனுப்பினார். இதற்கு நடுவே யோவாப் என்ன செய்தான்? நிருபத்தை வாசித்தான், சொன்னபடி செய்தான். பிற்காலத்தில் ஜனத்தைத் தொகையிடும்படி ராஜா சொன்னபோது, இதை விரும்புகிறது என்ன என்று எதிர்த்துக் கேட்கும் துணிவு இந்த யோவாபுக்கு இருந்தது. கலகம் செய்து மாண்ட தன் மகன் அப்சலோமுக்காக அழுதுகொண்டிருந்த ராஜாவை முகத்துக்கு நேரே கண்டித்ததும் இவன்தான். அவன் வாயில்லாதவன் அல்ல. உரியாவுக்காகத் திறக்கவேண்டிய நாளில் அந்த வாய் மூடியிருந்தது.

யோவாபைப் பற்றி எழுதும்போது என்னை ஒதுக்கிவைத்துவிட்டு எழுத என்னால் முடியாது. ஒரு சிறிய சபையில் ஒன்பது ஆண்டுகள் நான் செயலாளராக இருந்தேன். கட்டட நிதிக் கணக்கைப் பற்றிக் கூட்டத்தில் எழுந்து மரியாதையாகவே கேள்வி கேட்ட பெரியவர் ஒருவரை, அவர் இருபது ஆண்டுகளாகச் செய்துவந்த ஊழியத்திலிருந்து விலக்குவதற்கு ஒரு கடிதம் எழுதும்படி எனக்குச் சொல்லப்பட்டது. நான் எழுதினேன். அழகான தமிழில், ஜெபத்தோடு தொடங்கி ஆசீர்வாதத்தோடு முடியும் கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். சபையின் சமாதானத்துக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில ஆண்டுகள் கழித்து அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளில் கைவைத்து, உங்க அப்பா வாசிக்கிறது இன்னும் காதில் இருக்கு தம்பி, ஒரு பெயரையும் விடமாட்டாங்க என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று இரவு நான் இரண்டாம் சாமுவேல் 23ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்படிப்பட்ட நேரங்களில் நம்மிடையே ஒரு வசனம் கேட்கப்படும்: நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள். 105ஆம் சங்கீதத்தின் வசனம் அது. தலைவரைக் கேள்வி கேட்பவனின் வாயை அடைக்க இதற்கு மிஞ்சிய வசனம் இல்லை. ஆனால் அந்தச் சங்கீதத்தில் அதற்கு முந்தின வசனம் என்ன சொல்லுகிறது? அவர்கள் நிமித்தம் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்கிறது. ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கொஞ்சப் பேராக, நிலமற்ற பரதேசிகளாக அலைந்த நாட்களைப் பாடும் பகுதி அது. தொடாதிருங்கள் என்று கர்த்தர் சொன்னது, எளியவர்கள்மேல் கைவைக்க வந்த ராஜாக்களைப் பார்த்து. அந்த வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசித்தால், அது தாவீதின் பக்கம் நிற்பதைவிட உரியாவின் பக்கம் நிற்கிறது. தாவீது சவுலைத் தொடாமலிருந்ததை இதற்கு மறுப்பாகச் சிலர் காட்டுவார்கள். அவன் சவுலைக் கொல்ல மறுத்தான், அவ்வளவே. அறுத்த சால்வைத் தொங்கலைக் கையில் தூக்கிக் காட்டி, நீர் செய்வது அநியாயம் என்று சவுலின் முகத்துக்கு முன்பாகச் சொல்லவும் செய்தான்.

உரியாவின் காரியத்தோடு தாவீதின் ஆதரவாளர் கூட்டத்தில் ஒரு விரிசல் விழுந்துவிட்டது என்றே நான் வாசிக்கிறேன். அந்த முப்பத்தேழு பேரின் பட்டியலில் கீலோனியனாகிய அகித்தோப்பேலின் குமாரன் எலியாம் என்று ஒருவன் இருக்கிறான். பத்சேபாள் எலியாமின் குமாரத்தி என்று அதே புத்தகத்தின் 11ஆம் அதிகாரம் சொல்லுகிறது. இரண்டு எலியாமும் ஒருவனேயானால், தாவீதின் தலைசிறந்த ஆலோசனைக்காரனாகிய அகித்தோப்பேல் பத்சேபாளின் தாத்தா. அவன் ஏன் அப்சலோமின் பக்கம் போனான் என்று வேதாகமம் காரணம் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசித்தவர்கள் நெடுங்காலமாகவே ஒரு காரணத்தை யூகித்து வந்திருக்கிறார்கள். எனக்கும் அது நியாயமான யூகமாகவே படுகிறது.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. அப்சலோமுக்குத் தப்பித் தாவீது எருசலேமைவிட்டு வெறுங்காலோடு அழுதுகொண்டு ஒலிவமலையின்மேல் ஏறிப்போகிற 15ஆம் அதிகாரம், எனக்கு வேதாகமத்தில் மிகவும் பிரியமான அதிகாரங்களில் ஒன்று. ஆசாரியனாகிய சாதோக் தேவனுடைய பெட்டியைச் சுமந்துகொண்டு கூடவே வருகிறான். பெட்டி எங்கேயோ ராஜ்யம் அங்கே என்று சொல்லிக்கொள்ள அதைவிடப் பெரிய அடையாளம் இல்லை. தாவீது அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். கர்த்தருடைய கண்களில் எனக்குக் கிருபை கிடைத்தால் அவர் என்னைத் திரும்ப வரப்பண்ணுவார். உன்மேல் எனக்குப் பிரியமில்லை என்பாராகில், இதோ இருக்கிறேன், அவர் பார்வைக்கு நலமானபடி எனக்குச் செய்வாராக. நாற்பது ஆண்டு ஆட்சியில் அவன் பேசிய பேச்சுகளில் இதற்கு ஈடானது இல்லை. தேவநோக்கம் தன்னுடைய சொத்து அல்ல என்பதை அவன் மறுபடியும் அறிந்துகொண்டான். தண்ணீரை ஊற்றிய கை அன்றைக்குத் திரும்பி வந்தது.

அப்படி எல்லாவற்றையும் கைவிட்டு நடந்தவனைத் தேடித்தான் ஆட்கள் வருகிறார்கள். கித்தியனாகிய ஈத்தாய், காத் ஊரிலிருந்து வந்த அறுநூறு பேரோடு முன்னே நடக்கிறான். தாவீது தன் அறுநூறு பேரோடு காத் ஊரின் ராஜாவிடம் அடைக்கலம் புகுந்து, பெலிஸ்தரின் நாட்டிலே ஒரு வருஷமும் நான்கு மாதமும் இருந்தவன். இப்போது அந்த ஊரிலிருந்து அதே எண்ணிக்கை அவனோடு வருகிறது. நேற்றுத்தானே வந்தாய், திரும்பிப் போ, உனக்குக் கிருபையும் உண்மையும் கிடைப்பதாக என்று தாவீது விடைகொடுக்கிறான். ஜீவனானாலும் மரணமானாலும் ராஜா இருக்கும் ஸ்தலத்திலே நானும் இருப்பேன் என்கிறான் ஈத்தாய். தாவீதின் கொள்ளுப்பாட்டியாகிய ரூத், மோவாபிலிருந்து வரும் வழியில் நகோமியிடம் சொன்ன வார்த்தைகளின் எதிரொலி அது. மலையுச்சியில் ஊசாய் வருகிறான், வஸ்திரம் கிழிந்து, தலையிலே புழுதியோடு. அகித்தோப்பேலின் ஆலோசனையைப் பைத்தியமாக்கிவிடும் என்று தாவீது அப்போதுதான் ஜெபித்திருந்தான். ஜெபத்துக்கு வந்த பதில் தலையில் புழுதி படிந்த ஒரு சிநேகிதனாக எதிரே நின்றது. அந்த ஊசாய் அப்சலோமின் சபையில் பேசிய பேச்சினால் ஒரு இரவு கிடைத்தது; அந்த ஒரு இரவில் தாவீது யோர்தானைக் கடந்தான். அகித்தோப்பேலின் நல்ல ஆலோசனையை அபத்தமாக்குகிறதற்குக் கர்த்தர் கட்டளையிட்டார் என்று வேதாகமம் அந்த இடத்தில் நேரடியாகவே எழுதுகிறது.

ஊசாயின் செய்தியைத் தாவீதிடம் கொண்டுபோன இரண்டு வாலிபரையும் பகூரிம் ஊரிலே ஒரு வீட்டு முற்றத்துக் கிணற்றுக்குள் இறங்கச் செய்து, அதன்மேல் ஒரு பாயை விரித்து நொய்யைப் பரப்பிவைத்த பெண் ஒருத்தி இருக்கிறாள். கிணற்றின் வாயில் தானியம் காய்கிறது. தேடிவந்தவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவள் பெயரும் எழுதப்படவில்லை. ஒரு கிணறு தாவீதின் ஆசைக்கு மூன்று பேரை அனுப்பியது, இன்னொரு கிணறு அவன் உயிருக்காக இரண்டு பேரை மறைத்தது.

யோர்தானுக்கு அப்பாலுள்ள மகனாயீமில் எண்பது வயதான பர்சிலா வந்து சேர்ந்தான். அவனும் அவனோடு வந்தவர்களும் கொண்டுவந்ததை வேதாகமம் ஒவ்வொன்றாக எண்ணுகிறது: மெத்தைகள், கலங்கள், மண்பாண்டங்கள், கோதுமை, வாற்கோதுமை, மாவு, வறுத்த பயறு, பெரும்பயறு, சிறுபயறு, தேன், வெண்ணெய், ஆடுகள், பால்கட்டிகள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் ஒரே வரி: ஜனங்கள் வனாந்தரத்திலே பசியும் இளைப்பும் தவனமுமாயிருப்பார்கள். தேவநோக்கம் என்ற சொல்லே அங்கே இல்லை. யுத்தம் முடிந்தபின் என்னோடு எருசலேமுக்கு வா என்று ராஜா அழைத்தபோது, உண்கிறதின் ருசியும் பாடுகிறவர்களின் சத்தமும் எனக்கு இனித் தெரியாது, என் தாய்தகப்பன்மாரின் கல்லறையண்டையில் சாகும்படி என்னைத் திரும்பவிடும் என்று கேட்டுக்கொண்டான். யோர்தான் துறையில் ராஜா அவனை முத்தமிட்டு அனுப்பினான்.

தாவீது மரணப்படுக்கையில் சாலொமோனிடம் பர்சிலாவின் குமாரரை நினைவாகச் சொன்னான். யோவாப் சிந்தின அப்னேர், அமாசா என்ற இரு படைத்தலைவர்களின் இரத்தத்தையும் சொன்னான். உரியாவைச் சொல்லவில்லை. அவன் வாய் சொல்லாததை வேதாகமம் விடவில்லை. ஏத்தியனாகிய உரியாவின் சங்கதி ஒன்றுதவிர அவன் செம்மையாய் நடந்தான் என்று ராஜாக்களின் புத்தகம் எழுதியது. இயேசுவின் வம்சவரலாற்றை எழுதிய மத்தேயு, பத்சேபாளின் பெயரைக்கூட எழுதாமல், உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று எழுதினான். தாவீதுக்குக் கொடுத்த வாக்கு அந்த வம்சத்தின் வழியே நிறைவேறியபோது, அவன் கொன்ற மனுஷனின் பெயரையும் சுமந்துகொண்டே நிறைவேறியது.

இப்போது எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் நான் வாசிக்கிறேன். போன மாதம் அந்த அதிகாரம் வந்தது. ஆரோதியன், நெத்தோபாத்தியன், கீலோனியன் என்று பெயர்கள் வரிசையாக வந்தன, பிள்ளைகள் நெளிந்தார்கள், சமையலறையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் ஒன்றையும் தாண்டவில்லை. கடைசிப் பெயருக்கு முன்னால் என் குரல் தானாகவே நின்றது. பிறகு அதை வாசித்தேன். ஆக முப்பத்தேழு பேர் என்று முடித்து, வேதாகமத்தை மூடி, எல்லோரும் முழங்கால்படியிட்டோம்.